பின்பக்கத்துச் செம்பு

அஃப்தாப்: ...இன்னொரு தடவை அளந்து பாத்துடலாமா?

நீரஜா: மூணு தடவை ஆச்சு அஃப்தாப்.

அஃப்தாப்: ஒயர் எங்கியாவது லூசா இருக்கும்...

நீரஜா: ஒயரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சக்திவேல் பண்ணின ஷீட் ரேடார் அலையை முழுங்கல. அவ்ளோதான்.

அஃப்தாப்: பட்ட அலை திரும்பி வரலியே!

நீரஜா: வரல. அதனால முழுங்கிடுச்சுன்னு தீசிஸ்ல எழுதிட்டான். இப்ப பின்னாடியும் ஒரு ஆன்டெனா வச்சா, பாதிக்கு மேல அந்தப் பக்கமா வெளிய போகுது. முதுகுல செம்பு இருந்தாத்தானே தடுக்கும்? கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினேன். பாரு, வெறும் போர்டு.

அஃப்தாப்: ...வெள்ளிக்கிழமை தீசிஸ் கமிட்டி.

நீரஜா: தெரியும்.

அஃப்தாப்: மத்திய கைலாஷ் கிட்ட வண்டி சறுக்கி அவன் போய் எட்டு மாசம். டாக்டர் சக்திவேல்னு ஒரு காகிதமாவது கைக்கு வரட்டும்னு அவங்கம்மா ஒக்காந்துகினு இருக்காங்க.

நீரஜா: அதுக்காகத்தான்டா கேக்கறேன். தப்பான கணக்கை அவன் பேர்ல எப்படி அனுப்புறது?

அஃப்தாப்: அனுப்பிடலாம். யாரு சுரண்டிப் பாக்கப் போறா?

நீரஜா: நீயா பேசற? கிராஃப்ல ஒரு புள்ளி தள்ளி நின்னாலே உயிரை வாங்குவியே...

அஃப்தாப்: நீரஜா... தப்பு அவனோடது இல்ல.

நீரஜா: பின்ன?

அஃப்தாப்: போர்டு அடிக்கக் கடைக்கு ஃபைல் அனுப்பினது நான். அவனுக்கு ஜுரம். "நீ அனுப்பிடு மச்சி"ன்னான். பின்பக்கச் செம்பு லேயரை டிக் பண்ணாம விட்டுட்டேன். அவன் போனப்புறம் பழைய மெயிலைத் தோண்டினப்பதான் பாத்தேன். அன்னிலேருந்து தூக்கமே இல்ல. பாவம், கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாமலே...

நீரஜா: தெரியும்டா அவனுக்கு.

அஃப்தாப்: இன்னா சொல்ற?

நீரஜா: அவனே கண்டுபிடிச்சுட்டான். "அஃப்தாப்கிட்ட சொல்லாத, ஒடஞ்சு போயிடுவான். வேற போர்டு அடிச்சுக்கலாம்"னான்.

அஃப்தாப்: அய்யோ... அப்ப உனக்கும் தெரியும்! இத்தனை மாசமா வாயே தொறக்கலியே நீ! இன்னிக்குத்தான் கண்டுபிடிச்ச மாதிரி சுரண்டிக் காட்டற...

நீரஜா: எப்ப சொன்னான்னு நீ கேப்பியே, அந்த பயம்தான். அவன் போன அன்னிக்கு சாயங்காலம்தான் சொன்னான். மழை விட்டதும் கிண்டியில போர்டு கடைக்குப் போறேன்னான். கடை மூடிடுவாங்க, இப்பவே கெளம்புன்னு வண்டிச் சாவியை அவன் கையில திணிச்சது நான்தான்டா.