இடது பக்கப் பெட்டி

அதான் சொல்றேனே மேடம், சாஃப்ட்வேர் மேல ஒரு தப்பும் இல்ல. எங்க மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருக்கு வாய் திறந்தா சிஸ்டம் எரர்தான். தலைமை ஆபீஸ்லருந்து நீங்க விசாரணைக்கு வர்றீங்கன்னதும் அவர் செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா, ஜன்னல் திரையைத் துவைக்கப் போட்டதுதான். தூ. மன்னிச்சுக்கோங்க, ரெண்டு வாரமா எனக்கு இதான் வருது வாயில.

இல்ல, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியணும்னு அவசியமே இல்ல. இப்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க, காட்றேன்.

இது இடது பக்கப் பெட்டி. ஆஸ்பத்திரியோட பழைய கணக்குல நோயாளிங்க விவரம் என்னென்ன இருந்துச்சோ எல்லாம் இதுல வரிசையா இருக்கு. பேரு, வயசு, ரத்த வகை, விலாசம். வலது பக்கம் புதுசு, அதுல இதே விவரத்துக்கெல்லாம் இங்கிலீஷ்ல வேற பேரு. இதுலருந்து அதுக்குக் கோடு இழுக்கணும். கோடு இழுத்தா விவரம் அந்தப் பக்கம் போகும். இழுக்கலேன்னா அம்போன்னு இங்கேயே நின்னுடும். இவ்வளவுதான் எங்க பொழப்பு. வெளியில கேட்டா டேட்டா மேப்பிங்னு பெருமையா சொல்லிக்குவோம்.

பழசுல மட்டும் அறுநூத்தி எழுபது வரி. கண்ணால தேடினா கண்ணு பூத்துடும். அதுக்குத்தான் மேல இந்தத் தேடுற கட்டம். இப்ப இறந்த தேதின்னு அடிக்கிறேன், பாருங்க. கிடைக்கவில்லை. சரியா? இப்ப இடது பெட்டி மேல ஒரு தடவை தொட்டுட்டு அதையே மறுபடியும் தேடுறேன். வந்துச்சா? முன்னூத்தி எட்டாவது வரி. கடைசியா எந்தப் பெட்டியைத் தொட்டோமோ அதுக்குள்ள மட்டும்தான் அது தேடும். இன்னொண்ணை எட்டிக்கூடப் பாக்காது. ஆனா கிடைக்கவில்லைன்னு மட்டும் அடிச்சுச் சொல்லும்.

ஆமா, எங்க எல்லாருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க. தெரிஞ்சு என்ன பண்ண? சுவத்துல ஒட்டியிருக்கே, அதைப் படிங்க. ஒரு வரிக்கு ரெண்டு நிமிஷம். தேடு, கிடைச்சா கோடு போடு, கிடைக்கலேன்னா பழசுல இல்லைன்னு டிக் அடிச்சிட்டு அடுத்ததுக்குப் போ. எங்க மேனேஜரோட கைவண்ணம். கீழ சிரிக்கிற பொம்மை வேற.

அப்படித்தான் இறந்த தேதிக்கும் டிக் விழுந்துச்சு. பழசுல இல்லைன்னு. புது சிஸ்டத்துக்கு இறந்த தேதி இல்லேன்னா அந்த ஆளு உசுரோட இருக்கான்னு அர்த்தம். நானூத்திப் பன்னெண்டு பேரு ஒரே ராத்திரியில எழுந்து உக்காந்துட்டாங்க. அது பாட்டுக்கு அத்தனை வீட்டுக்கும் கடுதாசி அனுப்பிடுச்சு. மறுபரிசோதனை நாள் நெருங்குகிறது, தவறாமல் வரவும்னு.

விஷயம் தெரிஞ்சு மீட்டிங் போட்டாங்க. மேனேஜர் சொல்றார், நல்லவேளை, செத்தவங்க யாரும் புகார் குடுக்க வரமாட்டாங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் பல்லைக் காட்டினேன் மேடம்.

அந்தம்மா அதுக்கு மறுநாள்தான் வந்தாங்க. உங்க ஃபைல்ல இருக்குமே, மகளை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி விபத்துல பறிகொடுத்தவங்க. கீழ டோக்கன் வாங்கி மூணு மணி நேரம் வரிசையில உக்காந்திருக்காங்க, மக பேருக்கு. பேரைக் கூப்பிட்டதும் எழுந்து போயிருக்காங்க. அங்க இருந்தவங்களுக்குப் புரியாம மேல எங்ககிட்ட தள்ளிவிட்டாங்க. கத்துவாங்க, அடிப்பாங்கன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். கடுதாசியை நீவி நீவி என் மேஜையில வெச்சு, மெதுவாக் கேட்டாங்க. தம்பி, கட்டுப் போட்டுத்தான் குடுத்தாங்க, நான் மூஞ்சியைச் சரியாப் பாக்கல, அப்ப அன்னைக்கு எங்ககிட்ட குடுத்தது வேற யாரையாவதான்னு.

அதுக்குள்ள மேனேஜர்தான் வந்தார். சிஸ்டம் எரர்மான்னார். விளக்கம் தரப்பட்டதுன்னு ஒரு பேப்பர்ல அவங்ககிட்டயே கையெழுத்து வாங்கினார், எங்க போடணும்னு விரலால காட்டி. எப்படி மேடம் அந்த விரலால சோறு அள்ளித் தின்றார்?

தண்ணி வேணாம். முடிச்சிடறேன்.

அப்புறம் யார் தலையில கட்டலாம்னு பாத்தாங்க. கண்ணாடி அக்கா மாட்டினாங்க. சோடாபுட்டி கண்ணாடி, அதனால அந்தப் பேரு. பதினோரு வருஷ சர்வீஸ். இருபத்தேழாம் தேதி, பதினொன்னு நாப்பதுக்கு, அவங்க லாகின்ல அந்த டிக் விழுந்திருக்குன்னு பதிவுல இருக்கு. பதிவைப் பாத்த அன்னைக்கே சஸ்பெண்டு. நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னு ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவங்க, அவங்க மேஜைப் பக்கம்கூடப் போறதில்ல. அவங்க எப்பவுமே கவனக்குறைவுதான்னு ஒரு வாக்குமூலம் டைப் பண்ணி மேனேஜர் சுத்துக்கு விட்டார். ஆறு பேர் போட்டாச்சு. ஏழாவது நான். அதோ, உங்க கையில இருக்கிறதுதான். என் கையெழுத்தும் விழுந்துட்டா அக்காவை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

போடறேனா மாட்டேனாவா? அதுக்குத்தான் இவ்வளவு நேரம் உங்களை உக்கார வெச்சிருக்கேன்.

அன்னைக்குப் பையன் ஸ்கூல்ல வாந்தி எடுக்கிறான்னு அக்காவுக்குப் போன் வந்துச்சு. மெஷினைத் திறந்தபடியே விட்டுட்டு, தம்பி, கடைசி எட்டு வரி இருக்கு, முடிச்சு வை, நான் வந்து பாத்துக்கிறேன்னு ஓடினாங்க. அவங்க திரும்பறதுக்குள்ள மேனேஜர் ஃபைலை வாங்கிட்டுப் போயிட்டார். அந்த நாற்காலியில உக்காந்தது நான்தான் மேடம். வலது பெட்டியைத் தொட்டுட்டு, அதுலயே எட்டையும் தேடினேன். இறந்த தேதியோட சேத்து எட்டும் கிடைக்கவில்லை. எட்டுமே இல்லேன்னா எவனுக்கும் சந்தேகம் வரணுமில்ல? எனக்கு வரல. சீக்கிரம் சாப்பிடப் போலாம்னு சந்தோஷம்தான் வந்துச்சு. மேனேஜர் விரலைச் சொன்னேனே, என் விரலுக்கு மட்டும் என்ன கேடு.

அக்காவுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். ஏன்க்கா சொல்லலைன்னு வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சொன்னா மெஷினைத் திறந்து விட்டதுக்கு எனக்கும் வேலை போகும், உனக்கும் போகும், ஒரு வீடு போதும்டான்னாங்க. டீ போட்டுக் குடுத்தாங்க. அதையும் வாங்கிக் குடிச்சிட்டு வந்தேன் நான்.

ஏன் மேடம் நிறுத்திட்டீங்க, எழுதுங்க. அந்தப் பதிவுல எப்படித் தேடினாலும் என் பேரு வராது. அதான் வாயால சொல்றேன்.