ஏ/எல் போட்ட பேராசிரியர்

பிள்ளைகளே, ஜொகூர் பாரு குடிநுழைவு அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரி விரிவுரையாளரும், அதே கல்லூரிக் குமாஸ்தா அம்மாவும் நின்றார்கள். அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மலேசியாவில் ஒருவர் பெயருக்கும் அவர் அப்பா பெயருக்கும் நடுவே போடும் ஏ/எல், மலாயில் 'அனாக் லெலாக்கி', அதாவது 'மகன்'.

"அக்கா, மதுரையிலிருந்து பாடம் எடுக்க வர்ற பேராசிரியருக்கு விசா பாரத்துல ஏன் ஏ/எல் போட்டீங்க?"

"தமிழ் ஆம்பளைன்னா போடணும்லா, சார். இன்னார் மகன்னு தெரிய வேணாமா?"

"அது நம்ம நாட்டு வழக்கம். அவரு பாஸ்போர்ட்டுல அவரு பேரும் அப்பா பேரும்தான் இருக்கு. விசாவுல ஏ/எல்லும் இருக்கு. பேரு ஒத்து வரலன்னு சென்னையிலேயே நிறுத்திட்டாங்க."

"அலமாக்! ஏ/எல் இல்லாம, அவரு யாரு மகன்னு எப்படித் தெரியும்?"

"அவங்க அப்பாவுக்குத் தெரியுமாம். இன்னிக்குத் திருத்தலன்னா அவரு பயணமே ரத்து. திங்கக்கிழமை பிள்ளைங்களுக்கு நீங்கதான் பாடம் எடுக்கணும்."

"சும்மா பயமுறுத்தாதீங்க சார். புது பாரம் எழுதியாச்சு."

முகப்பில் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். விரிவுரையாளர் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, அப்பா பேரு எங்க?"

"ஏ/எல்லை எடுக்கச் சொன்னீங்க. அதுக்கப்புறம் அப்பா மட்டும் எதுக்குன்னு அவரையும் எடுத்துட்டேன்."

"நல்லதுக்கா. அடுத்த பாரத்துல பேராசிரியரையும் எடுத்துருங்க. வேலை சுலபமா முடிஞ்சிரும்."