ஒருவரும் விழாத வார்டு

படிவம் தயாரிப்பதில் எனக்குக் கொஞ்சம் கைராசி உண்டு. வீட்டில் காஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்பதற்குக்கூடக் கட்டம் போட்டு வைத்திருப்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆகவே எதையும் விடாமல் வரிசையாகச் சொல்கிறேன், விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

மருத்துவமனையில் வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. போன வருடம் அறுவை சிகிச்சை வார்டில் வயதான அம்மாள் ஒருவர் கழிவறை ஈரத்தில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கல்நெஞ்சன் இல்லை. அந்த வாரமே திட்டம் போட்டேன். வார்டு வாசலில் ஒரு பலகை: 'யாரும் விழாமல் கடந்த நாட்கள்'. யாராவது விழுந்தால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். அப்போது பணியில் இருந்த நர்ஸ் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லதுதான் நடந்தது. தரை உலர்ந்தது, சுவரில் கைப்பிடி வந்தது, எரியாத விளக்கெல்லாம் எரிந்தது. மாதம் பத்துப் பேர் விழுந்த இடத்தில் மூன்று பேர் விழுந்தார்கள். பிறகு ஒருவருமே இல்லை. பலகை ஐம்பதைத் தாண்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைமை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பூசி மெழுகத் தெரியாதவர்.

"சார், யாரும் எழுந்திருக்கிறதே இல்ல. அதான் யாரும் விழல. சின்ன நர்ஸுங்க பயத்துல கட்டில் கம்பியை ஏத்திவிட்டுடுறாங்க. செருப்பை எடுத்து அலமாரியில பூட்டிடுறாங்க."

ஒரு தாளை நீட்டினார். வார்டில் தினமும் நிரப்பும் என் படிவத்திலேயே பென்சிலால் இன்னொரு கட்டம் வரைந்திருந்தார்: இன்று எத்தனை தடவை நடந்தார்?

நல்ல கட்டம். நானே போட்டிருக்க வேண்டியது. ஆனால் நடக்கவிட்டால் யாராவது விழுவார்கள். இருநூறாவது நாள் மேலிடத்திலிருந்து பார்க்க வருவதாக இருந்தார்கள். பிடித்துப்போனால் இன்னும் பதினோரு மருத்துவமனைகளுக்கு என் திட்டம் போகும். "அதுக்கப்புறம் சேர்த்துக்கலாம் சிஸ்டர்" என்று ரப்பரால் அழித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

நூற்றெண்பத்தெட்டாம் நாள் ஒரு தபால்காரருக்கு ஆபரேஷன். பித்தப்பையில் கல், வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். மறுநாள் காலையே நடக்க வையுங்கள் என்று சர்ஜன் எழுதியிருந்தார். மறுநாள் நான் போனபோது மனிதர் கட்டில் கம்பிக்கு மேல் ஒரு காலைப் போட்டிருந்தார். நான்தான் அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்தேன். போர்வையும் போர்த்திவிட்டேன்.

"முப்பது வருஷம் நடந்தே சோறு தின்னவன் சார். இப்படிப் படுத்துக் கிடந்தா என் காலே என்னை யாருன்னு கேட்கும்" என்றார்.

சிரித்துவிட்டேன். அருமையான மனிதர். "நாளைக்கு நடக்கலாம் அண்ணே" என்றேன். அடுத்த நாட்களிலும் அதையே சொன்னேன். ஆள் குறைவாக இருக்கும்போது அவரைக் கீழே இறக்க வேண்டாம் என்று நர்ஸுகளிடம் சொல்லிவைத்தேன். அந்த வார்டில் ஆள் எப்போதும் குறைவுதான். சர்ஜன் கேட்டால் நடந்தார் என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

ஐந்தாம் நாள், "கால் கனக்குது சார்" என்றார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், உறைந்தது நுரையீரலுக்கு ஏறும் என்பது எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னால், ஏன் நடக்கவில்லை என்று கேட்பார். போர்வையை மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போகும் நாள். மனைவி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். தலைமை நர்ஸ் தபால்காரரை எழுப்பி நிறுத்தினார். இரண்டடி வைத்தார். மூச்சுத் திணறி நர்ஸின் தோளிலேயே சாய்ந்தார். அவ்வளவுதான்.

ஓடிவந்து நான் கேட்ட முதல் கேள்வியை அந்த நர்ஸ் உங்களிடம் சொல்லியிருப்பார். ஆமாம், கேட்டேன்.

"கீழே விழுந்தாரா?"

"இல்ல சார். நான் பிடிச்சுக்கிட்டேன்" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

நல்லது என்றேன். வெளியே போய்ப் பலகையில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று மாற்றிவிட்டு வந்தேன்.

அவர் மனைவி சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "நடந்து வந்த மனுஷன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு மனது தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரே ஓர் ஆறுதல்தான் இருந்தது.

"அம்மா, எங்ககிட்ட இருந்த ஆறு நாள்ல அவர் ஒரு தடவைகூட விழலைம்மா."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நன்றியோடுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.