தட்டியும் திரும்பாதவன்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று. விசாரணையில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஆனாலும் எனக்கு எழுந்துகொள்ள மனம் வரவில்லை. நீங்கள் எழுதிவைத்திருப்பதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிடலாம். பிழை திருத்துவதுதானே என் தொழில்.

நாங்கள் செய்வது சுவாசக் கருவி. தானாக மூச்சு விட முடியாதவர்களுக்கு அது மூச்சை உள்ளே தள்ளும், வெளியே விடும். அதற்குள் நான்கு பிராசசர்கள், கருவியின் மூளைகள். முதலாவது மூச்சைக் கவனிக்கும். இரண்டாவது எச்சரிக்கை மணியை. மூன்றாவது, நடந்ததையெல்லாம் பதிந்து மருத்துவமனைக் கணினிக்கு அனுப்பும். நான்காவதற்குத் திரை, பொத்தான் என்று சில்லறை வேலைகள். இந்த நான்குக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்து, சண்டை வராமல் மேய்க்கிற அடித்தள மென்பொருளைக் கெர்னல் என்போம். அதைக் கவனிக்கும் குழுவுக்கு நான் தலைவன்.

நான்கும் தனித்தனியாக ஓடினாலும் நினைவகம் பொது. ஒன்று அதில் எதையாவது இடம் மாற்றினால் மற்றவற்றுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு சமிக்ஞை உண்டு. தோளைத் தட்டி, "கையில் இருப்பதைக் கீழே வை, முதலில் இதைக் கேள்" என்பது போல. தட்டியது, எல்லாமே "கேட்டாயிற்று" என்று சொல்லும்வரை நகராமல் நிற்கும். ஏதாவது ஒன்று காதைப் பொத்திக்கொண்டிருந்தால் நின்றபடியே நிற்கும். நிற்பது மூச்சைக் கவனிக்கிற பிராசசராக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

மருத்துவமனைகளிலிருந்து புகார் வரத் தொடங்கியது. கருவி திடீரென்று நிற்கிறது, சற்று நேரத்தில் தானாகவே ஓடுகிறது, மணியும் அடிப்பதில்லை என்றார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். ஆள் சின்னது, எதைப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்காமல் விடமாட்டாள். அலுவலகத்தில் எல்லோரும் எறும்பு என்றே கூப்பிடுவோம். அவளிடம் கொடுத்தேன்.

சமிக்ஞை வந்து சேர்ந்ததைப் பதிய எங்களிடம் ஏற்கெனவே வழி இருந்தது. அனுப்பியது யார், எதற்கு அனுப்பினார்கள் என்பதற்குத்தான் வழியில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்கும், தட்டியது யார் என்று தெரியாது. எறும்பு, அனுப்புகிற இடத்திலேயே கண்ணி வைத்தாள். எந்த பிராசசர், எந்த வேலைக்கு நடுவில், எதையெல்லாம் தட்டியது என்று தடம் விழும். நல்ல வேலை. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை.

தடத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"மூணாவதுதான் சார். நெட்வொர்க் போயிட்டுத் திரும்பி வந்தா, தேங்கிக் கிடக்கிறதையெல்லாம் அனுப்பி முடிக்கிற வரைக்கும் காதைப் பொத்திக்குது. ஒண்ணாவது தட்டிட்டு நிக்குது. அதைப் பாத்து மணி அடிக்க வேண்டிய ரெண்டாவதும் தட்டிட்டு நிக்குது."

"திருத்தறது கஷ்டமா?"

"இல்ல சார். எழுதியே வெச்சுட்டேன்."

படித்துப் பார்த்தேன். அவள் எழுதியதில் குறை எதுவும் இல்லை. நான் ஒப்புதல் கொடுத்தால் போதும், எல்லாக் கருவிகளுக்கும் போய்விடும்.

"இன்னும் சோதிக்கணும்மா, உயிர் விஷயம்" என்றேன்.

உயிர் விஷயம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

இங்கே தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கி வண்ணம் பூசுகிறவன். கயிறு அறுந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, மூச்சு உட்பட. அப்பா அம்மா இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. எங்கள் கருவிகளில் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து அவனோடு பொருத்தினோம். பகலில் ஓர் அக்கா வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நான். சளி எடுப்பது, புரட்டிப் போடுவது, துடைப்பது, குழாயைக் கழுவுவது. சொன்னால் சின்ன வேலைகள்தான். அதைச் செய்துவிட்டு அலுவலகம் போய், அலுவலகத்தை முடித்துவிட்டு வந்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்கு வெள்ளம் வடியவே இல்லை.

தம்பி பேசுவான். கருவி காற்றை வெளியே விடும்போது அந்தக் காற்றில் பேச வேண்டும், அதனால் துண்டு துண்டாகத்தான் வரும். கருவியைத் தன் பெண்டாட்டி என்பான்.

"ரகசியம்னா மூச்சு விடாதேம்பாங்க. இவ விட்டாத்தான்ணே என் பொழைப்பு ஓடும்."

பழைய கூட்டாளிகள் போனில் கூப்பிட்டு நிறம் கலக்க யோசனை கேட்பார்கள். எதிர்வீட்டுக்கு அடுத்த வருஷம் என்ன நிறம் பூசுவது என்பதை அவனே முடிவு செய்துவிட்டான், வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் தெரியாது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. வேதனையை மறைக்கத்தான் ஒருவன் இவ்வளவு சிரிக்கவைப்பான் என்று எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

எறும்பு எழுதிய திருத்தம் என் மேஜைக்கு வந்த அன்று வீட்டுக்கு வந்து, கதவைத் திறக்காமல் வெளியே நின்று கேட்டேன். உஸ் என்று உள்ளே, புஸ் என்று வெளியே. அந்தச் சத்தம் ஒருநாள் தானாக நின்றுவிடக்கூடும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மணியும் அடிக்காது. அவனுக்கு வலியில்லாமல் விடுதலை. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நான் கொலைகாரன் இல்லை ஐயா. கருவியை நிறுத்துவதோ குழாயைப் பிடுங்குவதோ என்னால் ஆகிற காரியம் இல்லை.

திருத்தத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு எங்கள் வீட்டுக் கருவியை மட்டும் விட்டுவைக்கலாம்தான். ஆனால் எங்கள் பணியாளர்களே வீடு தேடி வந்து ஏற்றிவிடுவார்கள். ஏற்றாமல் தடுத்தால், ஏன் என்று கேட்பார்கள். எல்லா இடத்திலும் நடக்கிற ஒன்று எங்கள் வீட்டிலும் நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தேன். மறுக்கவில்லை, சோதனையில் இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

எங்கள் தெருவில் இணைய இணைப்பு அடிக்கடி போய்ப் போய் வரும். நான் எதையும் கெடுக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இணைப்புப் பெட்டியில் தூசி சேரும், அவ்வப்போது துடைப்பேன். துடைக்கும்போது ஒயர் கழன்றுகொள்ளும். மறுபடி செருகிவிடுவேன்.

நீங்கள் கேட்ட அந்த மூன்று பேர், மருத்துவமனைகளில் எங்கள் கருவி நின்று இறந்தது இந்தக் காலத்தில்தான். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இன்னொருவர், பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் கண்ட ஒரு பெண். மூன்றாமவரைப் பற்றிய விவரத்தை நான் படிக்கவில்லை, அசதியாக இருந்தது. இரண்டாவது சாவில், எச்சரிக்கை மணியை யாரோ அணைத்து வைத்திருக்கலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'இருக்கலாம்' என்றுதான் எழுதினேன். அங்கிருந்த செவிலியரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நல்ல செவிலியருக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும்.

எறும்பு சும்மா இருக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டு மெஷின்ல தடம் பிடிக்கவா சார்? ராப்பகலா ஓடுது, பக்கத்துலயும் இருக்கு."

மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஒரு விடுமுறை நாள் மடிக்கணினியோடு வந்தாள். தம்பிக்கு விருந்தாளி என்றால் கொண்டாட்டம்.

"எனக்குள்ள விட்டுடாதம்மா ஒயரை. பொண்டாட்டிக்குள்ள விடு" என்றான்.

என்ன செய்கிறாய் என்று கேட்டான். தோளைத் தட்டுவது, காத்து நிற்பது எல்லாவற்றையும் அவள் விளக்கினாள். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆக, ஒருத்தன் காதைப் பொத்திக்கிட்டா வீடே நிக்குது. குடும்பம் மாதிரிதான்." இன்னொரு மூச்சு வந்ததும் கேட்டான். "அப்போ இவளும் நிப்பாளா?"

எறும்பு என்னைப் பார்த்தாள்.

"நிக்காதுடா. இது நான் பாத்துப் பாத்து வெச்ச மெஷின்" என்றேன்.

அவன் நம்பினான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவான்.

எறும்பு தன் கண்ணியை ஓடவிட்டுவிட்டுப் போனாள். எடுத்துவிடச் சொல்லலாம் என்று இருந்தேன், மறந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம். அக்கா கிளம்பிப் போயிருந்தார். நான் படிக்கட்டுப் பெட்டியைத் துடைத்துவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். தம்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், பாதி வார்த்தையில் நின்றது. உஸ் வரவில்லை. திரையில் கோடு அப்படியே உறைந்திருந்தது. மணி அடிக்கவில்லை. எறும்பு சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது.

கட்டிலின் தலைமாட்டில் கையால் அமுக்கும் காற்றுப் பை ஒன்று தொங்குகிறது. கருவி நின்றால் அதைக் குழாயில் மாட்டி அமுக்கினால் போதும். இதை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னைப் பார்த்தான். காற்றில்லாமல் குரல் வராது, அவனுக்கு மிஞ்சியது கண் மட்டும்தான். அதை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தான்.

நான் உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லாமல் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், ரொம்ப நாளுக்குப் பிறகு அப்போதுதான் எனக்குத் தோள் பாரம் இறங்கியது.

பிறகு தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. அவன் முகத்தில் நிறம் திரும்பப் பல மூச்சு பிடித்தது. முதலில் பேசியது அவன்தான்.

"பயந்துட்டியாண்ணே?"

"ஆமாம்."

"பரவால்ல. அடுத்த தடவை அந்தப் பையை எடுத்து அமுக்கு. எட்டுற தூரத்துலதான் இருக்கு."

சரி என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் அதிகம் பேசவில்லை. அக்காவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்க முடியுமா என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் அக்காவைப் போனைப் பிடிக்கச் சொல்லி எறும்பிடம் பேசியிருக்கிறான். "அண்ணன் பாவம், ரொம்ப வேலை. அதான் உங்ககிட்ட சொல்றேன், இவ நேத்து நின்னுட்டா" என்றானாம். அவள் வந்து தடத்தை எடுத்தாள். எல்லாம் அதில் இருந்தது. யார் தட்டியது, யாருக்குத் தட்டியது, யார் பதில் சொல்லாமல் இருந்தது. என் அறைக்கு வராமல் நேராக மேலதிகாரிகளிடம் போனாள். அன்றே திருத்தம் எல்லா ஊருக்கும் போயிற்று, என் ஒப்புதல் இல்லாமல். அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

இன்று உங்கள் எதிரில் எறும்பு எனக்காகப் பேசினாள். "சார் தாமதப்படுத்தினது தப்புதான். ஆனா ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா சொந்தத் தம்பியை அதுல விட்டு வெச்சிருப்பாரா?" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நீங்களும் அதையே எழுதிக்கொண்டீர்கள், கவனக்குறைவு, உள்நோக்கம் இல்லை என்று. அதுதான் பிழை. தெரிந்துதான் விட்டுவைத்தேன். தம்பி அதில் இருந்தான் என்பதால்தான் மற்றவர்களும் அதில் இருந்தார்கள்.

இதை நான் சொல்லாமலே போயிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டீர்கள். போனால் சளி எடுக்க வேண்டும், குழாய் கழுவ வேண்டும். நீங்கள் ஆளைப் பூட்டிவைக்கிற அறையில் ஒரு படுக்கை இருக்கும் என்று நினைக்கிறேன். அது போதும்.

தம்பியை நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். அவனுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன், அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று எங்கள் ஆள் ஒருவர் வந்து வீட்டுக் கருவியிலும் திருத்தத்தை ஏற்றினார். "இனிமே நிக்காதுல்ல?" என்று தம்பி அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். "நிக்கவே நிக்காது தம்பி, தைரியமா இருங்க" என்றார் அவர். தம்பி அழுதுவிட்டான். துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை வராது, நான்தான் துடைத்துவிட்டேன். இன்னும் எத்தனை காலம் இப்படிக் கிடக்க வேண்டுமோ என்று நினைத்திருப்பான், பாவம்.