மரத்துப்போகாத கால்

எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். மயக்க மருந்து டாக்டர் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர். ஆனால் மற்றவர்களுக்குப் போடும்போது என் கை நடுங்கியதே இல்லை. போன வாரமும் நடுங்கவில்லை.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே எங்கள் ஆஸ்பத்திரி இருப்பதால், தொடை எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அறுவைக்கு முன்பே அவர்களுக்கு நான் ஒரு ஊசி போடுவேன். இடுப்பு மடிப்புக்குக் கீழே, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்த வேண்டும். போர்வை பட்டாலே அலறியவர் கொஞ்ச நேரத்தில் காபி கேட்பார். என் வேலையிலேயே எனக்குப் பிடித்தது அந்த முகம் மாறும் நேரம்தான்.

வரதனுக்கும் அந்த ஊசியைத்தான் எழுதியிருந்தார்கள். திருநின்றவூர்ப் பக்கம் விசாரித்துப் பாருங்கள், 'கட்டு வரதன்' என்றால் தெரியாதவர் இல்லை. எலும்பு முறிந்தவர்களுக்குக் கத்தி வைக்காமல் கட்டுப் போடுகிறவர். எழுபதைத் தாண்டிய மனிதர், பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். கூட்டிவந்த மகன் லோகேஷ், "எங்க நைனா ஊருக்கே கட்டு கட்னவரு மேடம். அவுருக்குக் கட்றதுக்குதான் ஆளில்ல. நீங்கதான் பாத்துக்கணும்" என்றான்.

ஊரார் காலுக்கெல்லாம் மூங்கில் பத்தை, தன் காலுக்கு மட்டும் ஆஸ்பத்திரி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என் அம்மா கஸ்தூரியின் தொடை எலும்பும் அதே இடத்தில்தான் முறிந்தது. நான் அப்போது ப்ளஸ் டூ. அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. விருதுநகரிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஃபேக்டரி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்று அங்கே சொன்னதும் அப்பா பயந்துவிட்டார். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் அப்படித்தான், இலவச ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வரதனிடம் போவார்கள். அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்த மனிதர்மேல் கோபப்பட்டு என்ன செய்வது?

வரதன் அம்மாவின் குதிகாலைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் இடுப்பை அமுக்கிக்கொண்டார்கள். தோளைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அம்மா போட்ட சத்தத்தை உங்களுக்கு நடித்துக்காட்ட முடியாது. "பல்ல கடிச்சிக்கோம்மா. வலி தாங்குனாதான் எலும்பு கூடும்" என்றார் வரதன். முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்றி, பத்தை வைத்துக் கட்டி அனுப்பினார். சில நாள் கழித்து அம்மா மூச்சுத் திணறி இறந்துபோனாள். ஏன் என்று எனக்குப் புரிய மருத்துவப் படிப்பு வேண்டியிருந்தது: முறிந்த எலும்பை அப்படி இழுத்தால் உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்துவிடும்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஊசியில் மருந்துக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் ஏற்றினேன். திரையில் இரண்டும் ஒரே மாதிரி கருப்பாகத்தான் பரவும். கிட்னி சரியில்லை என்று எழுதி மற்ற வலி மருந்துகளையும் நிறுத்தினேன், அது பாதி உண்மை. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அறுவை இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. அந்த இரண்டு நாளும் அவர் வலியோடு கிடக்க வேண்டும். அம்மாவின் வலி என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், அவருடைய உயிர் இல்லை.

மாலையில் போய்ப் பார்த்தேன். வியர்த்துக் கிடப்பார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வலி நல்லா கொறஞ்சிகீது தாயி. உன் கை ராசியான கை."

உப்புத் தண்ணீருக்கு அந்த ஆள் எனக்கு நன்றி சொன்னார். நம்பிக்கைக்கு அப்படி ஒரு பலம் உண்டு, நாங்கள் பாடத்திலேயே படிக்கிறோம். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவருக்கு மட்டும் தண்ணீர்கூட மருந்தாகிறதா?

"கஸ்தூரின்னு ஒருத்தங்க. ஆவடி குவார்ட்டர்ஸ்லேருந்து வந்தாங்க. தொடை எலும்பு. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "எத்தினியோ பேரு வந்துகினு இருப்பாங்கோ தாயி. பேர யாரு கேட்டா? காலதான் பாப்போம்."

நர்ஸ் ஜெயப்பிரியாவைக் கீழே பார்மசிக்கு அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த எடையைக் கழற்றி, குதிகாலை இரண்டு கையாலும் பிடித்து, என் அம்மாவுக்கு அவர் இழுத்த மாதிரியே இழுத்தேன். அவர் வாயில் துண்டை வைத்திருந்தேன். "பல்ல கடிச்சிக்கோங்க" என்றேன். பிறகு எடையை மறுபடி மாட்டி, போர்வையைச் சரிசெய்தேன்.

விடிந்தபோது அவருக்கு மூச்சுத் திணறல். அம்மாவைப் போலவே இறந்துபோனார். ஜெயப்பிரியா மருந்துக் குப்பி உடைபடாமல் இருந்ததை மட்டும்தான் பார்த்தாள், மீதியை அவள் சொல்லியிருக்க முடியாது. அதனால் நானே சொல்கிறேன். வரதனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருத்தமா என்று கேட்டால், இல்லை. அம்மாவுக்காக ஒருத்தராவது ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, வழக்குக்கும் தேவைப்படாது. அன்று வரதன் கொட்டகையிலிருந்து வேனில் திரும்பும்போது அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. நான் அழுதுகொண்டே வந்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "அழாத தாட்சாயிணி. அவரு கட்டு போட்டதுமே வலி கொறஞ்சிருச்சும்மா. ராசியான கை" என்றாள்.

எனக்குப் பயம் போகட்டும் என்று பொய் சொன்னாள். பொய்தான். தோளைப் பிடித்திருந்தவள் நான், எனக்குத் தெரியாதா?