சம்பந்தி போடாத ஊசி

— சட்டைக் கையை மடிச்சுவிட்டு உக்கார்ந்து கால் மணி நேரம் ஆச்சு. ஊசி போடுவியா, மாட்டியா, டாக்டரம்மா?

— மாட்டேன், முஅல்லிமா பத்ரிய்யா. மீன் மார்க்கெட்டுக்கே நீங்க முதலாளியம்மாவா இருக்கலாம், ஊசி கிடையாது.

— ஏன்? அன்ஃபூஷி மீன் மார்க்கெட்ல தும்மினவன் அத்தனை பேரும் டாக்டரம்மான்னு உன் மருந்துக்கடைக்குத்தானே ஓடி வர்றான்? மூணு மருந்தைக் கலக்கி ஜலதோஷ ஊசின்னு குத்தி அனுப்பறியே, என் கைக்கு மட்டும் இறங்காதா?

— கேளுங்க. அவங்க யாரும் தைராய்டு மாத்திரை சாப்பிடலை. நீங்க சாப்பிடறீங்க. ஆரம்பிச்சு எத்தனை வாரம் ஆகுது?

— ஆறு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மாத்திரை. கழுத்துல இருக்கிற இந்தச் சனியன் அளவுக்கு மேல வேலை செஞ்சப்போ, என் கையில தராசு ஆடின ஆட்டம் என்ன, நெஞ்சு அடிச்ச அடி என்ன! எல்லாம் அடங்கிடுச்சு. முதல்ல கொஞ்சம் அரிப்பு வந்துச்சு, அவ்வளவுதான்.

— அரிப்பைச் சமாளிச்சுக்கலாம். தொண்டை எப்போலேருந்து வலிக்குது?

— முந்தாநாள்லேருந்து. எச்சில் முழுங்க முடியலை. உடம்பு கொதிக்குது, வாயெல்லாம் புண்ணு. கல்யாண அலைச்சல்ல வராதா பின்னே? இன்னிக்கு எட்டு மணிக்கு என் பொண்ணு நெஸ்மாவை உன் பையன் ஹாதிம் கையில பிடிச்சுக் குடுக்கணும். நான் நிமிர்ந்து நிக்கணும், இக்லால். போடு ஊசியை!

— மாத்திரை டப்பா மேல சிவப்பு மையில எழுதிக் குடுத்தேனே, படிச்சீங்களா?

— எனக்குப் படிக்கத் தெரியும்னு உனக்கு யார் சொன்னா?

— யா ரப்! தப்பு என் பேர்லதான். எழுதினதை வாயாலயும் சொல்லியிருக்கணும். இப்போ சொல்றேன், கேளுங்க. இந்த மாத்திரை ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்கு ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவையே அழிச்சிடும். அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் எதிர்த்து நிக்க உடம்புக்குள்ள ஆளே இருக்காது. அதனால காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்திட்டு, அன்னிக்கே ரத்தம் பார்க்கணும். ஊசி காய்ச்சலை மறைச்சு மட்டும்தான் வைக்கும்.

— அடேயப்பா! நல்ல நாள் பார்த்து ரத்தம், அணுன்னு கிளப்பறே. எனக்குப் புரியாதா? மீன்காரி பொண்ணு உன் வீட்டு வாசப்படி ஏறறது உனக்குப் பிடிக்கலை. நிச்சயதார்த்தத்தன்னிக்கு மூக்குல கைக்குட்டையை வெச்சுக்கிட்டு உக்கார்ந்தவதானே நீ!

— ஆமா. பிடிக்கலைதான்.

— பார்த்தியா, வாயாலயே வந்துடுச்சு! நான் எதிர்க்கடைக்குப் போறேன். அவன் கண்ணை மூடிக்கிட்டுக் குத்துவான்.

— போங்க. ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. இந்தக் கல்யாணத்தைக் கெடுக்கணும்னு நான் நினைச்சிருந்தா, நீங்க கேட்ட ஊசியைப் போட்டு அனுப்பியிருந்தாலே போதுமே, மேடை ஏறறதுக்குள்ள நீங்களே சுருண்டு விழுந்திருப்பீங்க. எதுக்கு இவ்வளவு நேரம் உங்ககிட்ட தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன்?

— ரத்தம் எங்கே எடுப்பாங்க?

— அடுத்த கட்டடம்தான். என் தோளைப் பிடிச்சுக்கோங்க. மெதுவா.

*

— ஒன்பது நாள் கழிச்சு இன்னிக்குத்தான் இந்த ஆஸ்பத்திரிக்காரங்க என் கையிலேருந்து டிரிப்பைக் கழட்டியிருக்காங்க. உன்னையும் உள்ளே விட்டுட்டாங்க. சொல்லு டாக்டரம்மா, ரிசல்ட் என்ன?

— அன்னிக்கு உன் ரத்தத்துல கிருமியைக் கொல்ற அந்த வெள்ளை அணு எண்ணிக்கை நூறு கூட இல்லை. இன்னிக்கு ரெண்டாயிரத்து நானூறு! காய்ச்சல் போன இடம் தெரியலை. நாளைக்கு வீட்டுக்கு!

— வல்லாஹி, ஜெயிச்சுட்டேன்!

— ஜெயிச்சுட்டே. ஆனா அந்த மாத்திரையை இனி ஜென்மத்துக்கும் தொடக்கூடாது. தைராய்டுக்கு வேற வைத்தியம் இருக்கு, டாக்டர் பார்த்துப்பார்.

— இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என்னைப் பொதைச்சிருப்பாங்களாம், நேத்து அவரே சொன்னார். உன் வாய்க்கு என்ன வேணும், கேளு. கொழுத்த மடவை மீனா ஒரு கூடை அனுப்பட்டுமா? மூக்கைப் பொத்திக்கிட்டாவது தின்னு.

— பொத்தாமலே திங்கறேன்.

— சரி, போனை எடு. கிருமி ஒட்டிக்கும்னு என் பொண்ணைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க. அவ அழுததுதான் தெரிஞ்சது, ஒரு வார்த்தை கேக்கலை. கல்யாணக் கோலத்துல எப்படி இருந்தா? போட்டோவைக் காட்டு.

— போட்டோ இல்லை.

— ஏன் இல்லை?

— கல்யாணமே நடக்கலை.

— என்னது! எந்தப் பாவி நிறுத்தினா?

— நான்தான். ஹால்ல முந்நூறு பேர் முன்னாடி மைக்கை வாங்கிச் சொன்னேன்: பொண்ணைப் பெத்தவ எழுந்து வந்து நிக்காம என் பையன் மோதிரம் மாத்திக்க மாட்டான்னு. வர்ற வியாழக்கிழமைக்கு ஹால் எடுத்தாச்சு. அதுக்குள்ள நல்லா சாப்பிட்டுத் தேறு, சம்பந்தி.