சொல்லாமல் முழுங்கிய மாத்திரை

விடியக்காலை நாலே முக்கால். ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு... ஒரு நாய்கூட இல்லை. நடந்து போனது என் சிநேகிதனோட சித்தப்பா, தையல்காரர். அன்னைக்கு முதல் ஆபரேஷன் அவருக்குத்தான். துணைக்குச் சித்தி, பத்தடி முன்னால. அந்தம்மா எப்பவுமே பத்தடி முன்னாலதான்.

சித்தப்பாவுக்கு இருந்ததே ஒரு கண்ணு. இன்னொண்ணைச் சின்ன வயசுலயே ஊசி குத்திக் கெடுத்துக்கிட்டார். மிச்சக் கண்ணுலயும் புரை. இதுவும் போச்சுன்னா... மொத்தமும் இருட்டு.

முந்தின நாள் நர்ஸ், "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டப்ப, சுத்தி மச்சினிச்சிங்க கூட்டம். சர்க்கரைக்குச் சொன்னார். பிரஷருக்குச் சொன்னார். மூத்திரம் அடைக்காம இருக்க தினம் போடுற மாத்திரையை மட்டும் சொல்லாம முழுங்கிட்டார். கண்ணுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்? சிரிக்காதீங்க, நானா இருந்தாலும் முழுங்கியிருப்பேன்.

சரக்... பின்னால செருப்புச் சத்தம். தொப்... வெறுங்கால். சரக்... தொப். குப்புன்னு ஸ்பிரிட் வாடை.

திரும்பினார். வயசானவர். கண்ணு மேல பிளாஸ்டிக் மூடி, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. ஒத்தைச் செருப்பு.

"மாத்திரையைச் சொல்லிட்டியா தம்பி?"

"எ... எந்த மாத்திரை?"

"நானும் சொல்லலை."

"என்னங்க, யார்கிட்ட பேசுறீங்க?" சித்தி திரும்பி நின்னாங்க. ரோட்டுல யாருமில்லை.

ஆஸ்பத்திரிக்குள்ள போயும் அந்த மாத்திரையைச் சொல்லலையே மனுஷன்!

படுக்க வச்சு முகத்தைத் துணியால மூடியாச்சு. மெஷின் 'ஙொய்'ங்குது. பாதியில டாக்டர் குரல் மாறிச்சு.

"கண்ணு பாப்பா சுருங்குது... சுத்தியிருக்கிற திரை நனைஞ்ச துணி மாதிரி ஆடுது. பின்னால இருக்கிற பை கிழிஞ்சா லென்ஸ் உள்ள விழுந்துடும். ஐயா, மூத்திரத்துக்கு மாத்திரை ஏதாவது போடுறீங்களா? அது போட்டா இப்படித்தான் ஆகும், போன மாசம் ஒருத்தருக்கும் இதேதான்!"

பக்கத்துல நர்ஸ் நிக்கிறாளேன்னு அப்பவும் தயங்கினார். அப்ப... மூடின துணிக்குள்ள, காதுகிட்ட, அதே வாடை. ஜில்லுன்னு அஞ்சு விரல் அவர் கையை இறுக்கிச்சு.

"சொல்லு."

"போடுறேன் டாக்டர்! மூணு வருஷமா! இருக்கிறது இந்த ஒரு கண்ணுதான் சாமி..."

"தலையை ஆட்டாதீங்க!"

குட்டிக் குட்டிக் கொக்கியா மாட்டி, பாப்பாவை இழுத்துப் பிடிச்சு... எப்படியோ முடிச்சாங்க. பார்வை வருமான்னு கேட்டதுக்கு, "நாளைக்குக் கட்டைப் பிரிச்சாத்தான் தெரியும்"னார் டாக்டர்.

மறுநாள் கட்டைப் பிரிச்சார். "ரூம்ல யார் யாரு தெரியுறாங்க?"

"நீங்க... நர்ஸம்மா... அதோ, என் வீட்டுக்காரி..." சித்தி 'ஓ'ன்னு அழுதுட்டாங்க, சந்தோஷத்துல. "அப்புறம் உங்க பின்னால, கண்ணுல மூடி போட்ட பெரியவர்."

நர்ஸ் திரும்பிப் பார்த்தா. வெறும் சுவர்.

டாக்டர் மட்டும் திரும்பலை. கையில இருந்த டார்ச்சை அணைச்சார்.

"ஐயா... அவர் கால்ல... ஒத்தைச் செருப்பா?"